பெரிகோர் கிராமத்துப் பழைய கல்வீட்டில் குடும்பமாக விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசிலும் சுற்றுப் புறநகர்களிலும் சிதறி இருக்கிற எங்கள் சொந்தக்காரரை வருடத்தில் ஒரு கிழமையாவது ஒரே கூரையின் கீழ் சேர்க்க வேண்டும் என்று தொடங்கிய பழக்கம் இது. அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை 14 பேர். பெரும்பாலும் பிரான்சின் தென்மேற்கே டொர்தோன் மாவட்டத்துக்குத்தான் போகிறோம். அந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர் பெரிகோர். வீடு பார்த்துப் பேசி எடுக்கிறது என் பொறுப்பு. ஆகவே "நாங்களும் போகலாம் என்று இருக்கிறோம், ஒருக்கால் சொல்லுங்கோ" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஜீத் என்றால் என்ன? ஹோட்டலை விட அதில் என்ன விசேஷம்?

ஜீத் என்பது முழு வீடாக வாடகைக்கு விடும் கிராமத்து வீடு. திறப்பைத் தந்துவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவார். சமையல், சுத்தம், குப்பை எல்லாம் உங்கள் கையில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமங்கள் வெறிச்சோடிப் போனபோது, பாழாய்க் கிடந்த பண்ணை வீடுகளைத் திருத்தி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடலாம் என்று தொடங்கிய முயற்சி இது. முதல் ஜீத் 1951இல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் திறக்கப்பட்டது. 1955இல் 'ஜீத் து பிரான்ஸ்' என்ற கூட்டமைப்பு உருவானது. அவர்கள் தரத்தை நட்சத்திரத்தால் காட்டுவதில்லை, கோதுமைக் கதிரால் காட்டுகிறார்கள். ஒரு கதிர் எளிமை, ஐந்து கதிர் ஆடம்பரம். எங்களுக்கு மூன்று கதிர் தாராளமாகப் போதும்.

ஹோட்டலில் 14 பேர் என்றால் ஏழு அறைக்கதவு. இங்கே ஒரு நீள மேசை. நான் இத்தனை வருடமாக விடாமல் போவதற்கு அந்த மேசைதான் காரணம்.

'திருத்திய பழைய வீடு' என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு பழையது?

பெரும்பாலும் 17ஆம், 18ஆம் நூற்றாண்டு. அதைவிடப் பழையதும் உண்டு. விளம்பரத்தில் வரும் மூன்று சொற்களைத் தெரிந்து வைத்திருங்கள். 'மனுவார்' என்றால் சிறு பிரபுவின் வீடு. மாடி இருக்கும், அனேகமாக ஒரு கோபுரமும் அதற்குள் சுருள்படியும் இருக்கும். 'சார்த்ரோஸ்' என்பது இந்தப் பகுதியில் அதிகம் காணும் நீளமான ஒற்றைத் தள வீடு; அறைகள் வரிசையாகப் பக்கம் பக்கமாக இருக்கும். 'பெர்ம்' என்றால் பண்ணை வீடு. பக்கத்தில் வைக்கோல் கொட்டில், புறாக்கூண்டு, சிலவேளை பாண் சுடும் போறணையும் இருக்கும்.

கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். பல பழைய கூரைகளில் ஓடு கிடையாது. தட்டைச் சுண்ணாம்புக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அந்தக் கல்லை 'லோஸ்' என்கிறார்கள். சதுர மீற்றருக்கு அரைத் தொன்னுக்கும் மேல் பாரம். அதைச் சுமக்க உள்ளே கருவாலி மரத்தில் காடு மாதிரிச் சட்டம் நிற்கும், சுவர் முக்கால் மீற்றர் தடிப்பில் இருக்கும். வீட்டில் உள்ள மற்ற எல்லாமே, சிறிய யன்னல் முதல் வயர்லெஸ் இணையம் போய்ச் சேராதது வரை, அந்தக் கூரையில் இருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு நல்ல வீடுகள் ஏன் பாழானது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலொக்செரா என்ற பூச்சி முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிழைப்புத் தேடிச் சனம் நகரங்களுக்குப் போனது. பிறகு 1914இல் போர். எந்தச் சின்னக் கிராமத்துக்குப் போனாலும் நடுவில் ஒரு நினைவுக்கல் நிற்கும். வீடுகளை எண்ணிவிட்டு அதில் உள்ள பெயர்களை எண்ணுங்கள், விளங்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று தரம் வரும். ஆளில்லாத வீட்டில் முதலில் கூரை ஒழுகும், பிறகு மரம் உக்கும், பிறகு கல் இறங்கும். ஊரை விட்டு வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

திருத்தியதில் நல்லது எது, பூச்சு எது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்தைப் பாருங்கள். மணல் நிறத்தில், தொட்டால் சற்று மாவாக வந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் இறுகி இருந்தால் சீமெந்து. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து ஈரத்தைக் கல்லுக்குள்ளேயே பூட்டிவிடும், கல் உதிரத் தொடங்கும். ஒரு வீட்டில் காலையில் கூட்டிவிட்டால் மாலையில் சுவரடியில் மஞ்சள் தூள் நீளக் கோடாகக் கிடந்தது. சின்னவள் ஒருத்தி அதைக் கறித்தூள் என்று நினைத்துக் கொண்டுவந்து காட்டினாள். அந்தச் சுவர் முழுக்கச் சீமெந்து.

எத்தனை பேருக்கு வீடு கிடைக்கும்?

15 பேர் வரை தேட நிறைய உண்டு. அதற்கு மேல் படுக்கிற வீடு என்றால் பிரெஞ்சுச் சட்டம் அதைப் பொதுமக்கள் கூடும் கட்டடமாகக் கணக்கெடுக்கும். தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாகும். அதனால்தான் பெரிய வீடுகள்கூட 14, 15 என்று நிறுத்திவிடுகின்றன. 20, 25 பேர் என்றால் அதற்கென அனுமதி எடுத்த வீடு வேண்டும். கிடைக்கும், ஆனால் குறைவு. ஒரே வளவில் இரண்டு வீடு எடுப்பது இன்னொரு வழி.

கட்டில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். குளியலறை எத்தனை என்று பாருங்கள். 14 பேருக்கு மூன்று இல்லாமல் நான் எடுப்பதில்லை. வரவேற்பறைச் சோபாவை விரித்து 'இரண்டு பேர்' என்று எண்ணியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அம்மம்மா, அப்பப்பாவால் இந்த வீடுகளில் சமாளிக்க முடியுமா?

வீட்டைப் பொறுத்தது. கோபுரச் சுருள்படி படத்தில் அழகு; முழங்கால் நோவுள்ளவருக்கு அது ஒரு கிழமைச் சிறை. அம்மம்மா வருகிறா என்றால் நான் சார்த்ரோஸ் வகையைத்தான் முதலில் தேடுவேன், ஏனென்றால் எல்லாம் ஒரே தளம். மாடி வீடு என்றால் "கீழ்த்தளத்தில் படுக்கையறையும் அதே தளத்தில் குளியலறையும் உண்டா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அறை கீழே, கழிப்பறை மேலே என்ற வீடுகள் உண்டு.

இன்னொன்று வாசற்படி. பழைய கல்வாசற்படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், மழையில் வழுக்கும். வாசல் மேற்சட்டமும் தாழ்வு. எங்கள் பெரியப்பா முதல் நாளே நெற்றியில் இடித்துக்கொண்டார். அன்று முதல் போன உடனே அந்தச் சட்டத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன்.

முற்பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா?

ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைத் தெரியாமல் நிறையப் பேர் காசு விட்டிருக்கிறார்கள்.

'ஆர்' என்று இருந்தால், நீங்கள் பின்வாங்கினால் கட்டிய முற்பணம் போகும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பின்வாங்கினால் அதை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்று இருந்தால் அது உறுதியான உடன்பாடு. நீங்கள் வராவிட்டாலும் முழு வாடகையையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. குடும்பத்தில் யாருக்காவது விடுமுறை இன்னும் உறுதியாகவில்லை என்றால் 'ஆர்' உள்ள ஒப்பந்தத்தையே தேடுங்கள்.

இவை தவிர 'கோசியோன்' என்ற பிணைப்பணம் உண்டு. உடைவு, சேதம் இல்லை என்றால் திரும்ப வரும். போன உடனே வீட்டைச் சுற்றி ஒரு காணொளி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், உடைந்த கோப்பை எல்லாம் அதில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தங்கல் வரியும் வரும், அது சிறு தொகை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. கட்டில் விரிப்பு, துவாய், கடைசிச் சுத்தம் ஆகியவை வாடகைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். பல வீடுகளில் அடங்காது. உங்கள் சொந்த வீட்டுக் காப்புறுதியில் 'வில்லெஜியாத்யூர்' என்ற பிரிவு இருந்தால் விடுமுறை வீட்டில் நீங்கள் செய்யும் சேதத்தையும் அது பொறுப்பேற்கும், வெளிக்கிடுமுன் பார்த்துவிடுங்கள்.

எப்போது போனால் மலிவு?

ஜூனும் செப்டெம்பரும். ஜூலை, ஓகஸ்டில் வாடகை உச்சம், அதுவும் சனியில் இருந்து சனி வரை என்றுதான் தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் வேறு வழியில்லை. முந்திய இலையுதிர் காலத்திலேயே பேசி வையுங்கள்.

குசினி எப்படி? எங்கள் சமையல் சமைக்கலாமா?

சமைக்கலாம். வருடா வருடம் சமைக்கிறோம். ஆனால் முதலில் அடுப்பைக் கேளுங்கள். இப்போது பல வீடுகளில் இன்டக்ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர், அலுமினியத் தாச்சி எதுவும் அதில் சூடேறாது. எங்கள் முதல் வருடம் பரிசில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் இருந்து பெட்டி நிறையச் சாமான், ஊர்ப் பெரிய பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்து, இரவு எட்டு மணிக்கு அடுப்பில் வைத்தோம். அது மூன்று தரம் கீச்சிட்டு அணைந்துவிட்டது. அன்று பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டோம். இப்போது வெளிக்கிடுமுன் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் வண்டியில் ஏறும்.

புகை இரண்டாவது. 2015 மார்ச்சில் இருந்து பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை அறியும் கருவி கட்டாயம். செத்தல் மிளகாய் பொரிக்கும்போது யன்னலைத் திறந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கருவியைக் கழற்றி வைக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் இருப்பது 300 வருடத்துக் காய்ந்த மரம்.

மூன்றாவது மஞ்சள். பழைய வீட்டுத் தரை 'தொமெத்' என்ற சுட்ட செங்கல். மேசை மெருகிடாத மரம். கழுவுதொட்டி சிலவேளை சுண்ணாம்புக்கல். இந்த மூன்றும் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துவிடும். பிறகு எதனாலும் போகாது. நாங்கள் மேசைக்கு மெழுகுத் துணி கொண்டுபோகிறோம். கூட்டு அரைக்கிறது, தாளிக்கிறது எல்லாம் ஒரு பெரிய தட்டத்துக்கு மேல்.

கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், அரிசி, தூள் ஆகியவற்றைப் பரிசில் இருந்தே கொண்டுபோங்கள். மற்ற எல்லாம் அங்கேயே வாங்குங்கள், அதுதான் சந்தோசம். சர்லா நகரின் பெரிய சந்தை புதனும் சனியும் காலையில் கூடும். சனி நீங்கள் போய்ச் சேருகிற நாள், ஆகவே புதன்கிழமையைக் குறித்து வையுங்கள். அந்த மண்ணின் அக்ரோட்டுக் கொட்டையும் அதன் எண்ணெயும், கபெகு என்ற சின்ன வட்ட ஆட்டுப்பாற்கட்டியும், ஜூனில் போனால் ஸ்ட்ராபெரியும் வாங்குங்கள். வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெதுவாகச் சமைத்துப் போத்தலில் அடைத்து விற்பார்கள். எங்கள் மாமி அதை எடுத்து மிளகும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டுவா, சோற்றுக்கு அபாரம். கிராமத்துக் கடைகள் ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு பூட்டு. திங்களும் பல கடை திறக்காது. சனி இரவுக்கும் ஞாயிறுக்கும் வேண்டியதை வண்டியிலேயே வைத்திருங்கள்.

வெயிலுக்கு ஏசி இருக்குமா?

அனேகமாக இருக்காது. ஒழுங்காக நடத்தினால் தேவையும் இல்லை. அந்தத் தடித்த சுவர் இரவுக் குளிரைச் சேர்த்து வைத்திருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கே யன்னலையும் வெளியே உள்ள மரப்பலகைக் கதவையும் மூடிவிட வேண்டும். இரவில் எல்லாவற்றையும் விரியத் திறக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது பிடிபட இரண்டு நாள் ஆகும், ஏனென்றால் வெக்கை என்றால் யன்னலைத் திறக்கத்தான் கை போகும். மத்தியானம் ஒரு யன்னல் திறந்து கிடந்தால் சேர்த்த குளிர் முழுவதும் போய்விடும். வெளியே 36 பாகையாக இருந்த நாளிலும் மூடி வைத்த அறைக்குள் அம்மம்மா போர்வை கேட்டிருக்கிறா.

தண்ணீர், கரண்ட், கழிவு பற்றிக் கவனிக்க என்ன இருக்கிறது?

கிராமத்தில் பல வீடுகளுக்கு நகரசபைக் கழிவுக்குழாய் கிடையாது, வளவுக்குள்ளேயே மலக்குழி. அதை நடத்துவது அதற்குள் இருக்கிற நுண்ணுயிர். ஜாவெல் தண்ணியை (பிளீச்) ஊற்றினால் அவை செத்துப்போகும். ஈரத் துடைப்பான், அணையாடை, பொரித்த எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. குழி அடைத்தால் 14 பேருக்கும் கழிப்பறை இல்லை. பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேர்த்துக் குப்பை நிலையத்தில் கொடுங்கள்.

சுடுதண்ணீர் பெரும்பாலும் இரவில் மலிவு மின்சாரத்தில் சூடேறும் தாங்கி. 300 லீற்றர் என்பது பெரிய தாங்கிதான், ஆனால் 14 பேர் அடுத்தடுத்துத் தலை முழுகினால் பத்தாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். பாதிப்பேர் காலை, பாதிப்பேர் இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போறணை, அடுப்பு, உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் விழும். மெயின் பெட்டி எங்கே என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

நீச்சல்குளம் உள்ள வீட்டைச் சின்னப் பிள்ளைகளோடு எடுக்கலாமா?

எடுக்கலாம், பாதுகாப்பைக் கேட்டுவிட்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் பதித்த தனியார் குளத்துக்கு வேலி, மூடி, கூடாரம், எச்சரிக்கை மணி ஆகிய நான்கில் ஒன்று இருக்க வேண்டும். மணி மட்டும் உள்ள வீட்டை நான் எடுப்பதில்லை. அது பிள்ளை விழுந்த பிறகுதான் அடிக்கும். தானாகப் பூட்டும் கதவுள்ள வேலிதான் வேண்டும். கொளுக்கி 'டக்' என்று விழுகிறதா என்று போன உடனே நானே பத்துத் தரம் திறந்து மூடிப் பார்ப்பேன்.

கூட்டமாக இருக்கும்போது ஆபத்து கூட. எல்லோரும் அங்கே நிற்பதால், மற்றவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைப்போம். எங்கள் வீட்டில் ஒரு வைக்கோல் தொப்பி உண்டு. அதைப் போட்டிருப்பவர் பிள்ளைகளைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. தொலைபேசி இல்லை, கதை இல்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். தொப்பி தலையில் இல்லை என்றால் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும்.

பிறந்தநாள், சாமத்தியவீடு வைக்கலாமா?

எழுதிக் கேட்காமல் வைக்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் கொண்டாட்டம் கூடாது என்று இருக்கும். தெரிந்த ஒரு குடும்பம் 14 பேருக்கு எடுத்துவிட்டு மத்தியானம் 40 பேரை அழைத்தது. மாலையில் வீட்டுக்காரர் வந்து நின்றார், பிணைப்பணத்தில் பெரும்பகுதி போனது. அவர் செய்தது சரி. காப்புறுதி, மலக்குழி, கூரைக்குக் கீழ் உள்ள பழைய மாடித்தளம் எல்லாமே 14 பேருக்கான கணக்கு. முன்கூட்டியே சொன்னால் பலர் வழி விடுவார்கள். இரவு 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி வேண்டாம். பள்ளத்தாக்கில் சத்தம் கிலோமீற்றர் கணக்கில் போகும், அயலில் உள்ள கமக்காரர் விடிய எழும்புகிறவர்.

கோடையில் காட்டுத்தீ ஆபத்து என்றால் வெளியே நெருப்பு மூட்ட மாவட்ட நிர்வாகம் தடை போடும். இறைச்சி சுடத் திட்டமிட்டிருந்தால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரவில் முகட்டில் ஏதோ ஓடுகிறது. என்ன அது?

அனேகமாக 'லுவார்'. அணில் மாதிரி வால், எலி மாதிரி உடம்பு, இரவில்தான் நடமாட்டம். ஒன்றும் செய்யாது. பழங்களை மேசையில் திறந்து வைக்காதீர்கள்.

கார் இல்லாமல் போகலாமா?

போய்ச் சேரலாம், ஆனால் அங்கே கார் இல்லாமல் ஒரு கிழமை இருப்பது கஷ்டம். பரிசில் இருந்து சர்லா 500 கிலோமீற்றருக்குச் சற்று மேல், பிரீவ் நகரம் வழியாக. ரயிலில் பரிசின் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் இருந்து பிரீவ் போகலாம்; அல்லது போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்தில் போய், அங்கிருந்து சர்லாவுக்கு உள்ளூர் ரயில். வாடகைக் காரை நிலையத்திலேயே எடுங்கள்.

பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு கிழமை போதாது. ஆனால் தினமும் ஓடாதீர்கள். ஒரு நாள் வெளியே, ஒரு நாள் வீட்டில் என்று வையுங்கள்.

ஆதி மனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையின் படியைக் கட்டாயம் பாருங்கள். உண்மையான குகை 1940 செப்டெம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தது. பார்வையாளரின் மூச்சே ஓவியங்களைக் கெடுப்பதால் 1963இல் மூடினார்கள். 2016 முடிவில் பக்கத்து ஊரான மொந்தின்யாக்கில் முழுக் குகையையும் அப்படியே படியெடுத்துத் திறந்திருக்கிறார்கள். ஓகஸ்டில் நுழைவுச்சீட்டை முன்பே எடுங்கள்.

பிள்ளைகளுக்கு டொர்தோன் ஆற்றில் படகு. ஆற்றோட்டத்தோடு போனால் லா ரோக் கஜாக்கின் பாறையடி வீடுகளும், காஸ்தெல்நோ, பெய்நாக் என்று எதிரெதிர்க் கரையில் நிற்கும் இரண்டு கோட்டைகளும் தண்ணீரில் இருந்தே தெரியும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற கோட்டைகள் அவை. பக்கத்து மிலாந்த் மாளிகை, அமெரிக்காவில் பிறந்து பிரான்சில் புகழ்பெற்ற கறுப்பின ஆடல், பாடல் கலைஞர் ஜோசபின் பேக்கர் வாழ்ந்த வீடு. 1947இல் அதை வாங்கி, பல நாடுகளில் இருந்து தத்தெடுத்த 12 பிள்ளைகளை அங்கே வளர்த்தார். கடனில் அந்த வீட்டை இழந்தார். 2021இல் பிரான்ஸ் அவரை, நாட்டின் பெரியோருக்கான நினைவாலயமான பரிசின் பாந்தியோனில் சேர்த்துக் கௌரவித்தது. எங்கள் பெண்பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்து வர மனமில்லாமல் நின்றார்கள்.

வெளிக்கிடுகிற அன்று என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாகக் காலை 10 மணிக்குத் திறப்பைக் கொடுக்க வேண்டும். சமையல் சாமானை முந்தின இரவே வண்டியில் ஏற்றிவிடுங்கள். காலையில் இரண்டு பேர் குசினி, இரண்டு பேர் குளியலறை, ஒருவர் கட்டில் விரிப்புக் கழற்ற. மற்றவர்கள் பிள்ளைகளோடு வளவில். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று கேட்டுப் போடுங்கள், கண்ணாடிப் போத்தல் வேறு. நகர்த்திய கதிரைகளை முதல் நாள் எடுத்த காணொளியைப் பார்த்து இருந்த இடத்தில் வையுங்கள். கடைசியாக யன்னல் பலகைகளைச் சாத்துங்கள். அடுத்த குடும்பம் மாலை நாலு மணிக்கு வரும். அதுவரை வீடு குளிர்ந்தபடி இருக்கட்டும்.